பட்டா சுத்தம், வில்லங்கம் சுத்தம், ஆனா பட்டறை போட முடியாத இடம்: 17 லட்சம் போன கதை

போன மாசம், எங்க அப்பாகிட்ட முன்னாடி வேல கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் போன் பண்ணான். "அக்கா, சொந்தமா ஒரு பத்து சென்ட் பாத்திருக்கேன், ஷெட்டு போட்டு ரெண்டு லேத்து எறக்கலாம்னு இருக்கேன், பட்டா கிளியரா இருக்கு, வில்லங்கமும் பாத்தாச்சு, அட்வான்ஸ் குடுத்துரலாமா"ன்னு கேட்டான். எனக்கு வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிருச்சு. ஏன்னா 2021-ல நானும் இதே வார்த்தைய பாக்கறவங்க எல்லார்கிட்டயும் சந்தோஷமா சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவங்கிட்ட ஒரு மணி நேரம் பேசினத, இன்னும் விவரமா இங்க எழுதறேன். அப்ப எனக்கு இதச் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல.

எங்களுது கோயமுத்தூர் கணபதி ஏரியால ஒரு சின்ன லேத் பட்டறை. பம்ப் ஷாஃப்ட்டு, புஷ்ஷு, மோட்டாருக்கான சின்னச் சின்ன பார்ட்ஸ் எல்லாம் ஜாப் ஒர்க் பண்ணிக் குடுக்கறது. அப்பா 2020-ல தவறிட்டாரு. தம்பி வெளியூர்ல வேலைல இருக்கான், அம்மாவுக்கு முடியாது, அதனால கணக்கு மட்டும் பாத்துட்டிருந்த நான் முழுசா எடுத்து நடத்த ஆரம்பிச்சேன். ஆளுங்க ஆறு பேரு. மெஷினுன்னு பாத்தா ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்), ரெண்டு சாதா லேத்து, ஒரு கிரைண்டிங், ஒரு டிரில்லிங், ஒரு கம்ப்ரசர், எல்லாம் சேத்து 36 ஹெச்பிக்குள்ள. இருபது வருஷமா வாடகை எடம். அப்பா போயி எட்டு மாசத்துல எடத்துக்காரர் அபார்ட்மென்ட் கட்டப் போறோம், காலி பண்ணிக் குடும்மான்னுட்டாரு. வாடகைக்குப் போனா அங்கயும் இதே கதைதான், அப்பாவோட சேமிப்பும் எல்ஐசி பணமும் இருக்கு, சொந்தமா வாங்கிருவோம்னு முடிவு பண்ணேன். அப்பா உசுரோட இருந்தப்பவே ஆசப்பட்டது அதான், அதுதான் என்ன அவசரப்பட வச்சுது.

டவுன விட்டு வெளிய, ஒரு கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள்ள 15 சென்ட் கெடச்சுது, ஊர் பேரு வேண்டாம். சென்ட் 2 லட்சத்து 80 ஆயிரம், மொத்தம் 42 லட்சம். புரோக்கர் கூட்டிட்டுப் போனப்ப இட்டேரிக்கு (தோட்டத்து வேலிகளுக்கு நடுவுல போற தடம்) அந்தப் பக்கம் வரிசையா மூணு ஷெட்டு, ஒண்ணுல பவர் பிரஸ் அடிக்கற சத்தம் கேக்குது, இன்னொண்ணு வாசல்ல லாரில காஸ்டிங் எறக்கிட்டிருக்காங்க. "பாருங்க அம்மணி, சுத்தியும் கம்பெனிதான், இனி பத்து வருஷத்துல இங்க தோட்டமே இருக்காது"ன்னாரு. நானும் நம்பிட்டேன். 30 வருஷத்துக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டேன், ஒரு வில்லங்கமும் இல்ல. பட்டா, எஃப்எம்பி ஸ்கெட்ச்சு (சர்வே நம்பரோட அளவு வரைபடம்), மூலப் பத்திரம் எல்லாம் வக்கீல்கிட்ட குடுத்தேன், அவரு மூணு பக்கத்துக்கு ஒப்பீனியன் எழுதி, விக்கறவருக்கு முழு உரிமை இருக்கு, தாராளமா வாங்கலாம்னு குடுத்தாரு. அம்மா பேர்ல இருக்கற வீட்டுப் பத்திரத்த வச்சு 20 லட்சம் கடன் எடுத்து, மிச்சத்துக்கு கைல இருந்தத போட்டு, மொத்தமும் செக்காவே குடுத்து, பத்திரத்துலயும் அதே தொகைய போட்டு 2021 செப்டம்பர்ல பதிஞ்சேன். அப்ப முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதுக்கு மட்டும் 4 லட்சத்து 62 ஆயிரம் போச்சு.

இந்த இடத்துல நிறுத்திச் சொல்லணும். வக்கீல் பாக்கறது அந்த நிலம் யாருது, விக்கறவருக்கு உரிமை இருக்கா, அடமானம் கேஸ் ஏதாவது இருக்கான்னு. சார்பதிவாளர் ஆபீஸ் பாக்கறது ஆளு, ஆவணம், கட்டணம். பட்டா காட்டறது வருவாய்த்துறை கணக்கு, நஞ்சையா புஞ்சையா, யாரு பேர்ல இருக்குன்னு. அந்த மண்ணு மேல என்ன தொழில் பண்ணலாங்கறது இந்த மூணு பேர்கிட்டயும் இல்ல. அது நாலாவதா ஒரு இடத்துல, நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல, மாஸ்டர் பிளான் மேப்புல இருக்கு. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971-ல வந்தது, அதுக்குக் கீழதான் ஒவ்வொரு ஏரியாவுக்கும் மாஸ்டர் பிளான் போட்டு, ஒவ்வொரு சர்வே நம்பரும் குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா, விவசாயமான்னு பிரிச்சு வச்சிருக்காங்க. எங்க பக்கத்துக்கு அப்ப நடைமுறைல இருந்தது 1994-ல வந்த பிளான். நான் வாங்கின எடத்துக்கு 1994-லயே தலையெழுத்து எழுதியாச்சு, எனக்குத்தான் தெரியல.

பதிஞ்ச கையோட வேலைய ஆரம்பிச்சேன். மண்ணு கொட்டி மட்டம் பண்ணி, சுத்தி கல்லு நட்டு, பெல்ட் கான்கிரீட் போட்டு, சிஎன்சிக்கு தனியா குழி வெட்டி ஃபவுண்டேஷன் போட்டு, அதுக்கே 4 லட்சத்து 60 ஆயிரம் ஆச்சு. பஞ்சாயத்துல கேட்டதுக்கு "ஷெட்டுதானம்மா, போட்டுக்கங்க, அப்புறமா எழுதிக் குடுங்க"ன்னாங்க. தூணு நிறுத்த நாலு நாலா போல்ட்டு மேல நீட்டிட்டு நிக்கும் பாருங்க, அது துருப்பிடிச்சுரக் கூடாதுன்னு நானே ஒவ்வொண்ணுலயும் கிரீஸ் தடவி பிளாஸ்டிக் கவர் சுத்தி சணல் போட்டுக் கட்டினேன், மொத்தம் 48 போல்ட்டு. ஃபேப்ரிகேஷன்காரருக்கு 3 லட்சம் அட்வான்ஸ் குடுத்தேன். அதுக்கப்புறம்தான் ஷெட்டுக்கும் இன்னொரு சிஎன்சிக்கும் சேத்து லோன் கேட்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் ஃபைல பொரட்டிட்டு, "பிளான் அப்ரூவல் எங்கம்மா"ன்னு கேட்டாரு. பஞ்சாயத்துல வாங்கித் தர்றேன் சார்னேன். "ஒரு அளவுக்குள்ள வீடுன்னா பஞ்சாயத்து சரி, தொழிற்சாலைன்னா டிடிசிபில, அதான் நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல, பிளானிங் பர்மிஷன் வேணும், அது இல்லாம எங்களால ஃபைல மேல அனுப்ப முடியாது"ன்னாரு. அன்னிக்கு அவரு மேல கோவமா வந்துச்சு. இப்ப யோசிச்சா, அத்தன பேர்ல சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவருதான். அதனால சொல்றேன், நிலம் வாங்கற முன்னாடியே ஷெட்டுக்கும் மெஷினுக்கும் லோன் குடுப்பீங்களா, என்னென்ன காயிதம் கேப்பீங்கன்னு பேங்குல உக்காந்து பேசிருங்க. லோன் தேவையில்லாட்டியும் போய்க் கேளுங்க, அவங்க லிஸ்ட்டே உங்களுக்கு ஒரு செக்கிங்.

ஒரு என்ஜினியர் மூலமா பிளான் போட்டு அப்ளை பண்ணோம். பத்து நாள்ல அவரு போன் பண்ணி, "மேடம், ஒரு தடவ ஆபீசுக்கு நேர்ல வந்துருங்க"ன்னாரு. அங்க ஒரு அதிகாரி பெரிய மேப்ப மேசை மேல விரிச்சு, ஒரு ஓரத்துல பேப்பர் வெயிட்டும் மறு ஓரத்துல டிபன் பாக்ஸும் வச்சு, ஸ்கேல் முனையால சர்வே நம்பர் ஒண்ணொண்ணா தேடிட்டு வந்தாரு. ஊதா கலர் அடிச்ச பட்டை ஒண்ணு ரோட்டோரமாவே வந்து அந்த இட்டேரில டக்குனு நிக்குது. இட்டேரிக்கு இந்தப் பக்கம் பச்சை. என்னோட நம்பர் பச்சைக்குள்ள, எல்லைக் கோட்ட ஒட்டி. "அந்தப் பக்கம் இண்டஸ்ட்ரியல், உங்களுது விவசாய உபயோகம்மா"ன்னு மெதுவா சொன்னாரு. நடுவுல பதினாறு அடி இட்டேரி, அவ்வளவுதான் வித்தியாசம். நான் அந்த கோட்டையே பாத்துட்டிருந்தேன், அவரு தண்ணி பாட்டில நகத்தி வச்சாரு. அழுதுருவேனோன்னு அவருக்குத் தோணியிருக்கும். அழுதது பஸ் ஸ்டாப்புல.

பக்கத்துல கம்பெனி இருக்கறது உங்க எடத்துக்கு எந்த சாட்சியும் இல்லன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. பக்கத்து எடம் வேற ஜோனா, அதாவது மாஸ்டர் பிளான்ல வேற உபயோகத்துக்கு ஒதுக்கினதா இருக்கலாம். இல்ல, பிளான் வர்றதுக்கு முன்னாடியே இருந்த யூனிட்டா இருக்கலாம், அப்படிப்பட்டதுக்கு இருக்கற அளவுல ஓடறதுக்கு விட்டாலும் புதுசா வர்றவங்களுக்கு அதக் காட்டி பர்மிஷன் கேக்க முடியாது. இல்லன்னா பர்மிஷனே இல்லாம ஓடிட்டும் இருக்கலாம். வெளிய நின்னு பாத்தா மூணும் ஒரே மாதிரி ஷெட்டுதான்.

நான் விடாம கேட்டேன், சார் எங்களுது சின்ன யூனிட்டு, புகை இல்ல, சாயத் தண்ணி இல்ல, பெயிண்டிங் பிளேட்டிங் ஹீட் ட்ரீட்மென்ட் ஒண்ணும் கெடையாது, பொல்யூஷன் போர்டுலயே வெள்ளை வகைக்குள்ள வந்துரும்னாங்க, அப்புறம் என்னன்னு. அவரு பொறுமையா வெளக்கினாரு, எனக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லாத விஷயம் அது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளைன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிரிக்கறது உங்க தொழில் எவ்வளவு கெடுதல் பண்ணும்ங்கறத வச்சு. 2016-ல மத்திய வாரியம் போட்டு அப்ப நடைமுறைல இருந்த கணக்குல மாசுப் புள்ளி 60-ம் அதுக்கு மேலயும்னா சிவப்பு, 41-லருந்து 59 ஆரஞ்சு, 21-லருந்து 40 பச்சை, 20 வரைக்கும் வெள்ளை. வெள்ளைன்னா தகவல் குடுத்தா போதும், கன்சென்ட், அதாவது வாரியத்தோட அனுமதி, வாங்கத் தேவையில்ல. ஆனா ஜோன்ங்கறது அந்த நிலத்துக்கு உள்ள விதி, தொழிலுக்கு உள்ளது இல்ல. ரெண்டும் ரெண்டு பூட்டு, ஒரே சாவி சேராது. எங்கள மாதிரி சின்ன யூனிட்டுக்குன்னே அந்தக் காலத்து விதிகள்ல கன்ட்ரோல்டு இண்டஸ்ட்ரியல்னு ஒரு வகை இருக்கு, எல்டி (தாழ்வழுத்த மின் இணைப்பு) லோடு உச்சவரம்புன்னு 130 ஹெச்பி வரைக்கும், நாத்தம், கழிவுத்தண்ணி, தூசி, புகை, அதிர்வுன்னு அக்கம்பக்கத்துக்கு தொந்தரவு இல்லாத தொழில் எல்லாம் அதுக்குள்ள வரும். அதாவது லைட் இண்டஸ்ட்ரின்னு நாம பேச்சுல சொல்றது. "உங்க 36 ஹெச்பிக்கு கன்ட்ரோல்டு ஜோன் எடமே தாராளம்மா, ஆனா அந்த ஜோனுக்குள்ள எடம் இருக்கணும்ல"ன்னாரு. சின்னத் தொழில்ங்கறதால எங்க வேணா வச்சுக்கலாம்னு ஒரு நெனப்பு நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு, குடியிருப்புக்குள்ளயே இருபது வருஷம் பட்டறை ஓட்டின பழக்கம் வேற. அந்த நெனப்புதான் என்னக் கவுத்துச்சு. உத்யம் சர்டிபிகேட்டும் (சிறுதொழில் பதிவு) ஜிஎஸ்டி நம்பரும் கைல இருந்ததால எல்லாம் முறைப்படி இருக்குன்னு நெனச்சேன், ஆனா உத்யம் நாமளே அறிவிச்சு வாங்கறது, ஜிஎஸ்டி வரிக்கு, ரெண்டும் அந்த எடத்துல தொழில் பண்ணலாம்னு சொல்ற காயிதம் இல்ல.

சரி, நில உபயோகத்த மாத்த முடியுமான்னு பாத்தோம். மாத்தலாம், அதுக்கு வழி இருக்கு, ஆனா அது பட்டா பேர் மாத்தற மாதிரி இல்ல. 2022 பிப்ரவரில மனு போட்டோம். பஞ்சாயத்துத் தீர்மானம், வேளாண்மைத் துறை கருத்து, தாசில்தார் ஆபீஸ்ல காயிதம், எடத்த நேர்ல வந்து பாக்கறது, பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆட்சேபணை கேக்கறதுன்னு ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது நகரும். இதுக்காக நான் பட்டறைய விட்டுட்டுப் போன நாள எழுதி வச்சிருந்தேன், 31 நாள். நான் இல்லாத நாள்ல ஒரு லாட்டு ஷாஃப்ட்டு பத்து மைக்ரான் குறைஞ்சு ஓடி, மொத்தமும் ரிஜெக்ட் ஆகி, பதினோரு வருஷமா இருந்த கஸ்டமர் ஒருத்தர் போயிட்டாரு. அதுக்கு என்ன கணக்கு போடறதுன்னு எனக்குத் தெரியல. அதனால புரோக்கரோ வேற யாரோ "ஜோன் மாத்திக்கலாம், ரெண்டு மாச வேல"ன்னு சொன்னா, மாத்திட்டு வந்து விக்கச் சொல்லுங்க. மாத்தறதுக்கு ஆகற காலமும் கெடைக்காமப் போற ஆபத்தும் விக்கறவரு தலைல இருக்கணும், வாங்கறவங்க தலைல இல்ல.

ஆட்சேபணை ஒண்ணு வந்துச்சு. பக்கத்துத் தோட்டத்து வீட்டுல இருக்கற பாட்டி. முதல்ல எனக்கு அவங்க மேல ரொம்ப வருத்தம், நேர்ல போய்ப் பாத்தேன். திண்ணைல உக்கார வச்சு மோர் குடுத்துட்டு, "கண்ணு, உம்மேல ஒண்ணும் இல்ல, அந்தப் பக்கத்து பிரஸ்ஸு ராத்திரி பூரா அடிக்குது, சொவத்துல மாட்டுன படம் ஆடுது, இந்தப் பக்கமும் ஒண்ணு வந்தா நான் எங்க போயித் தூங்கறது"ன்னாங்க. எனக்கு பதில் இல்ல. நைட் ஷிப்ட் ஓட்டற எண்ணம் எனக்கும் இருந்துச்சு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்ல தொழிற்பகுதிக்கு பகல்ல 75 டெசிபல், ராத்திரி 70. குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 45 தான், ராத்திரின்னா பத்து மணிலருந்து காலைல ஆறு வரைக்கும். இந்த வித்தியாசத்துக்குத்தான் ஜோன்னு ஒண்ணே வச்சிருக்காங்கன்னு அந்தத் திண்ணைல உக்காந்தப்பதான் எனக்கு மண்டைல ஏறுச்சு. அதுவரைக்கும் அது பணம் புடுங்க வச்ச விதின்னுதான் நெனச்சிருந்தேன். நீங்க ராத்திரி ஷிப்ட் ஓட்டற ஆளுன்னா, பக்கத்துல வீடு இருக்கற எடத்த, ஜோன் சரியா இருந்தாலும் ரெண்டு தடவ யோசிங்க.

2022 டிசம்பர்ல ஃபைல் திரும்பி வந்துச்சு. சுத்தி விவசாய நிலம், வர்ற வழி பதினாறு அடி இட்டேரி, தொழிற்சாலைக்குப் போதுமான ரோடு அகலம் இல்ல, ஆட்சேபணையும் இருக்குன்னு காரணம். ரோடு விஷயமும் நான் பாக்காம விட்டதுதான். லாரி வந்து போகுதா, போகுது, அவ்வளவுதான் பாத்தேன். 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல, கட்டடத்தோட உபயோகத்துக்கும் அளவுக்கும் தகுந்த மாதிரி முன்னாடி இருக்கற ரோடு இத்தன மீட்டர் இருக்கணும், சுத்தி இவ்வளவு எடம் விடணும்னு கணக்கு இருக்கு. அளக்கும்போது வேலிக்கு வேலி அளக்காதீங்க, எஃப்எம்பிலயும் கிராம மேப்புலயும் எவ்வளவு இருக்குன்னு பாருங்க.

மேல போய்ப் பாக்கலாம்னு என்ஜினியர் சொன்னாரு. எனக்குத் தெம்பு இல்ல. மாசாமாசம் வட்டி போகுது, கணபதில எடத்துக்காரரு பாவம் பாத்து இருக்க விட்டாரு, ஆனா 22 ஆயிரம் வாடகைய 34 ஆக்கிட்டாரு, பதினாலு மாசம் அப்படிக் குடுத்தேன். 2023 ஜூன்ல அந்த 15 சென்ட்ட, ஒட்டுன தோட்டத்துக்காரருக்கே 41 லட்சத்துக்கு வித்துட்டேன். கணக்கு இதான்: வாங்கினப்ப பதிவுச் செலவு 4 லட்சத்து 62 ஆயிரம், புரோக்கருக்கு 42 ஆயிரம், மண்ணு கான்கிரீட் வேலை 4 லட்சத்து 60 ஆயிரம், ஃபேப்ரிகேஷன் அட்வான்ஸ்ல திரும்பாதது 1 லட்சத்து 30 ஆயிரம், என்ஜினியர், மனு, விளம்பரம் எல்லாம் சேத்து 75 ஆயிரம், வட்டி 3 லட்சத்து 40 ஆயிரம், கூடுதல் வாடகை 1 லட்சத்து 68 ஆயிரம், எடத்து வெலைல நஷ்டம் 1 லட்சம். 17 லட்சத்து 77 ஆயிரம். அப்பா முப்பது வருஷம் சேத்து வச்சதுல பெரும்பங்கு. பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு கடைசியா ஒரு தடவ போனேன், புது ஓனரோட ஆளுங்க தென்னங்கன்னு வைக்க குழி எடுத்துட்டிருந்தாங்க, ஒருத்தரு என் போல்ட்டுகள ஒண்ணொண்ணா கட்டர்ல அறுத்துட்டிருந்தாரு. கவர் சுத்தின சணல் அப்படியே இருந்துச்சு.

இப்ப மலுமிச்சம்பட்டி பக்கம், தொழிற்சாலைக்குன்னே அப்ரூவல் வாங்கின ஒரு லேஅவுட்ல வாடகைக்கு ஷெட்டு எடுத்து ஓட்டறேன். லேஅவுட் அப்ரூவல்னு சொல்லும்போது ஒண்ணு கவனிங்க, விளம்பரத்துல "டிடிசிபி அப்ரூவ்டு சைட்"னு போட்டிருந்தா அது பெரும்பாலும் வீட்டுமனை அப்ரூவல். 2017-க்கு அப்புறம் வரன்முறைப்படுத்தின மனையும் மனைங்கற கணக்குலதான் வரும். அதுல போயி பட்டறை போட முடியாது. அப்ரூவல் ஆர்டர வாங்கி, என்ன உபயோகத்துக்குன்னு எழுதியிருக்குன்னு படிக்கணும். சிட்கோ எஸ்டேட் (அரசாங்கத்தோட தொழிற்பேட்டை) மாதிரி எடங்கள்ல இந்தத் தலவலி ரொம்பக் குறைவு, வெல கூடன்னு நானும் ஒதுக்கினேன், கூடன்னு நெனச்சது என் நஷ்டத்த விடக் கம்மிதான். ஆளுங்க ஒரு அளவத் தாண்டினா ஃபேக்டரி பதிவும் வரும்னு எங்க ஆடிட்டர் சொன்னாரு, அதையும் எடம் பாக்கும்போதே மனசுல வச்சுக்கங்க, ஆறு பேரு ஆறு பேராவே இருக்க மாட்டாங்க.

அந்தப் பையன்கிட்ட ரெண்டே வேல சொன்னேன். ஒண்ணு, சர்வே நம்பர உட்பிரிவோட எழுதி, இது மாஸ்டர் பிளான்ல என்ன உபயோகம், இத்தன ஹெச்பில லேத் பட்டறை போட அனுமதி உண்டா, முன்னாடி இருக்கற ரோட்டுக்கு எவ்வளவு அகலம் வேணும்னு ஊரமைப்பு ஆபீஸ்ல எழுத்துல கேளு. வாய்ல சொல்றத நம்பாத. நேர்ல கெடைக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அந்த நம்பரோட நில உபயோகப் பதிவையும் மேப் நகலையும் கேளு, முப்பது நாள்ல பதில் குடுக்கணும். ரெண்டாவது, ஓனரு அதுவரைக்கும் காத்திருக்க மாட்டேன், அட்வான்ஸ் போட்டே ஆகணும்னா, அக்ரிமென்ட்ல ஒரு வரி சேரு: இந்த நிலம் தொழிற்சாலை உபயோகத்துக்கு அனுமதிக்கப்பட்டது இல்லன்னு எழுத்துப்பூர்வமா தெரிய வந்தா அட்வான்ஸ் முழுசா திருப்பித் தரணும்னு. அந்த வரிக்கு ஓனரு ஒத்துக்கலன்னா அங்கயே வெளிய வந்துரு. பையன் அக்ரிமென்ட் பத்தி ஓனர்கிட்ட பேசினான், அவரு பிடி குடுக்கல, அதனால அட்வான்ஸ நிறுத்தி வச்சிருக்கான். போன திங்கக்கெழம மனுவ ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டு ரசீத போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப் பண்ணான். புரோக்கர் தெனமும் போன் பண்றாராம், வேற பார்ட்டி ரெடியா இருக்குன்னு. போனாப் போகட்டும், பதில் வந்தப்புறம் பேசிக்கலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.